கூட்டம் இருக்கிறது, இரவல் இல்லை

"எங்கள் ஊர் கிளை நூலகத்தில் எப்போது போனாலும் உட்கார இடமில்லை. ஆனால் அலமாரிப் பக்கம் ஒருவரும் போவதில்லை. எல்லாம் போனிலேயே கிடைக்கும்போது நூலகம் இனி எதற்கு? பத்து வயதாகும் என் மகள் பாடப் புத்தகம் தவிர வேறு எதையும் தொடுவதே இல்லை" என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு இதில் மூன்று கேள்விகள் தெரிகின்றன. மக்கள் வாசிப்பது குறைந்துவிட்டதா என்பது ஒன்று. மின்நூல் வந்த பிறகும் கட்டடமும் அலமாரியும் வேண்டுமா என்பது இன்னொன்று. மூன்றாவது, என் பிள்ளை வாசிக்கிற பிள்ளையாக வளருமா என்பது. உங்களை எழுத வைத்தது அந்த மூன்றாவதுதான் என்று நினைக்கிறேன். முதல் இரண்டுக்கும் வேலையில் பார்த்ததை வைத்துப் பதில் சொல்ல முடியும். மூன்றாவதுக்கு உத்தரவாதம் யாராலும் தர முடியாது. ஆனாலும் சொல்வதற்குச் சில விஷயங்கள் இருக்கின்றன.

நான் எங்கிருந்து பேசுகிறேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். காவிரிப் படுகையில் இரண்டு கிளை நூலகங்கள், கடைசியில் ஒரு மாவட்ட மைய நூலகத்தின் இரவல் பகுதி என்று 28 வருடம் பொது நூலகத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். நான் உறுதியாகச் சொல்வதெல்லாம் மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்தது. பெரிய நகரத்துக் கல்லூரி நூலகங்களையோ, வீட்டில் கிண்டில் என்ற மின்நூல் கருவியில் படிப்பவர்களையோ நான் அருகிலிருந்து பார்த்ததில்லை. அந்த இடங்களில் என் பேச்சைக் கொஞ்சம் குறைத்தே எடுத்துக்கொள்ளுங்கள்.

கிளை நூலகத்தில் இரண்டு கணக்குகள் முக்கியம். வாசலில் இருப்பது வருகைப் பதிவேடு. உள்ளே வருகிற எல்லாரும் பெயர் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். மேசையில் இருப்பது இரவல் கணக்கு, அதாவது எத்தனை பேர் எத்தனை புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப் போனார்கள் என்பது. நான் வேலைக்குச் சேர்ந்த தொண்ணூறுகளில் இந்த இரண்டும் சேர்ந்தே ஏறும், சேர்ந்தே இறங்கும். காலையில் பேப்பர் படிக்க வரும் பெரியவர்களை விட்டால், வருகிறவர்களில் பாதிப் பேர் கையில் பழைய புத்தகத்தோடு வந்து வேறொரு புத்தகத்தோடு போவார்கள். நான் ஓய்வு பெறும் சமயத்தில் வருகைப் பதிவேடு முன்னைவிட வேகமாகத் தீர்ந்துகொண்டிருந்தது. இரவல் கணக்கில் ஒரு வாரம் ஒரே பக்கத்தில் அடங்கியது. நீங்கள் கண்ணால் பார்த்ததைத்தான் அந்த இரண்டு நோட்டுகளும் எனக்குச் சொல்லின.

புத்தகத்தின் பின்னட்டைக்கு உள்பக்கம் ஒரு தேதிச் சீட்டு ஒட்டியிருப்போம். திருப்பித் தர வேண்டிய தேதியை ரப்பர் ஸ்டாம்பால் அதில் குத்திக் கொடுப்போம். நன்றாக ஓடுகிற நாவல் என்றால் ஒரு வருடத்துக்குள் சீட்டு நிறைந்துவிடும், அதன் மேலேயே இன்னொன்றை ஒட்டுவோம். சில புத்தகங்களில் நாலைந்து சீட்டு சேர்ந்து அட்டையே தடித்துப் போயிருக்கும். ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருடம் இருப்புக் கணக்கெடுப்புக்காக அலமாரி அலமாரியாக இறக்கியபோது, அந்த நாவல்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். மேல் சீட்டில் கடைசி முத்திரை 2009 என்றும் 2011 என்றும் நின்றிருந்தது. அதற்கப்புறம் வாங்கிய புத்தகங்கள் பலவற்றில் சீட்டு ஒரு முத்திரைகூட விழாமல் வெள்ளையாகவே இருந்தது. அன்றைக்குச் சாயங்காலம் வீட்டுக்குப் போக மனசே வரவில்லை.

அப்படியானால் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டவர்கள் யார்? நீங்கள் பார்த்த அந்தக் கூட்டம்தான். டி.என்.பி.எஸ்.சி., ஆசிரியர் தகுதித் தேர்வு, காவலர் தேர்வு, வங்கித் தேர்வு என்று ஏதாவது ஒன்றுக்குத் தயாராகிறவர்கள். குரூப் 4 தேர்வுக்கு மட்டும் 2018-லும் 2022-லும் விண்ணப்பித்தவர்கள் 20 லட்சத்தைத் தாண்டினார்கள். இவர்களை 'வாசகர்களே இல்லை' என்று என் சக நூலகர்கள் சிலர் சலித்துக்கொள்வதுண்டு. எனக்கு அதில் உடன்பாடு கிடையாது. பக்கத்துக் கிராமத்திலிருந்து முதல் பஸ்ஸில் ஒரு பெண் வருவாள். கதவு திறக்கும்போதே டிபன் பாக்ஸோடு படியில் நிற்பாள். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரைக்கும் பாடப் புத்தகங்களை மேசையில் அடுக்கிக்கொண்டு, போனில் பழைய வினாத்தாளைத் திறந்து வைத்து, விடையை நோட்டில் எழுதிப் பார்ப்பாள். இரண்டு வருடத்தில் நூலகப் புத்தகம் ஒன்றைக்கூட அவள் எடுக்கவில்லை. நூலகம் அவளுக்குக் கொடுத்தது ஒரு நாற்காலி, மின்விசிறி, குடிதண்ணீர், 'எங்கே போகிறாய்' என்று வீட்டில் கேட்டால் தயங்காமல் சொல்ல ஓர் இடம். வீட்டில் தனி அறையோ மேசையோ இல்லாத பிள்ளைக்கு அவ்வளவும் கிடைக்கிற வேறு இடம் எங்கள் ஊரில் இல்லை.

நான் சேர்ந்த காலத்தில் சொந்தப் புத்தகத்தை உள்ளே கொண்டுவர விடமாட்டோம். பையை வாசலில் வைத்துவிட்டுத்தான் வர வேண்டும், நூலகத்தில் இருப்பதைத்தான் படிக்க வேண்டும். 2010-இல் கோட்டூர்புரத்தில் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகங்களைக் கொண்டுவந்து படிப்பதற்கென்றே ஒரு பிரிவு வைத்தார்கள். புத்தகம் எடுக்கிற இடமாக இருந்த நூலகம் உட்கார்ந்து படிக்கிற இடமாக மாறிவிட்டதைப் புரிந்துகொண்டு செய்த காரியம் அது என்று நான் மதிக்கிறேன்.

சரி, நாவல் எடுத்துப் போனவர்கள் எங்கே போனார்கள்? எல்லாப் பழியையும் போன் மேல் போடுவது நியாயமில்லை. இரவல் சரியத் தொடங்கியது போன் வருவதற்கு முன்னாலேயே. சன் டிவி தொடங்கியது 1993-இல். அதற்கப்புறம் சில வருடங்களில் கேபிள் கனெக்‌ஷன் தெருத்தெருவாக வந்தது, சாயங்காலத் தொடர்கள் வந்தன. ஐந்து மணிக்கு மேல் வரும் பெண்கள் கூட்டம் என் கண் முன்னாலேயே கரைந்தது. வாரப் பத்திரிகையில் வந்த தொடர்கதையை வாராவாரம் கிழித்துச் சேர்த்து, நூலால் தைத்து பைண்டு பண்ணி வைத்த தலைமுறை அது. பஸ் ஸ்டாண்டு பக்கம் இருந்த லெண்டிங் லைப்ரரியிலும் அவர்கள்தான் உறுப்பினர்கள். பிற்பாடு அந்த லெண்டிங் லைப்ரரி செல்போன் ரீசார்ஜ் கடையாக மாறியது.

ஆனால் கதை கேட்கும் பசி அந்தப் பெண்களை விட்டுப் போய்விடவில்லை என்பதைப் பிற்பாடுதான் தெரிந்துகொண்டேன். அந்தக் காலத்தில் நாவலின் கடைசிப் பக்கத்தில் பென்சிலால் எழுதி வைப்பார்கள். "முடிவு சரியில்லை" என்று ஒருவர். அதற்குக் கீழே வேறு கையெழுத்தில் "எனக்குப் பிடித்தது" என்று இன்னொருவர். "அவளை ஏன் சாகடிக்க வேண்டும்?" என்று மூன்றாவது ஆள். நூலகப் புத்தகத்தில் எழுதக் கூடாது என்பது விதி, அழிப்பது என் வேலை. பல தடவை அழிக்காமல் விட்டிருக்கிறேன். ஓய்வு பெற்ற பிறகு, என்னிடம் இருபது வருடம் உறுப்பினராக இருந்த ஒரு டீச்சரம்மாவைக் கல்யாண வீட்டில் பார்த்தேன். போனைத் திறந்து காட்டினார். பிரதிலிபி என்ற இணையக் கதைத் தளத்தில் ஒரு தொடர்கதை, எழுத்தை இரண்டு மடங்கு பெரிதாக்கி வைத்திருந்தார். ஒவ்வோர் அத்தியாயத்துக்கும் கீழே நூற்றுக்கணக்கான கருத்துகள். "முடிவு சரியில்லை" அங்கேயும் இருந்தது. அந்தத் தளம் 2014-இல் தொடங்கியது, அதில் எழுதுகிறவர்களிலும் வாசிக்கிறவர்களிலும் நான் பார்த்த வரை பெண்கள் நிறையப் பேர். பழைய தொடர்கதை வாசகி எங்கேயும் தொலைந்து போகவில்லை. எங்கள் கணக்கு நோட்டில் இல்லாத ஓர் இடத்தில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்கிறார்.

காதால் கேட்பதும் இப்படித்தான். யூடியூபில் சிறுகதையை ஒருவர் படிக்க, சமையலறையில் வேலை பார்த்துக்கொண்டே கேட்கிறார்கள். இது வாசிப்பா என்று சிலர் சண்டைக்கே வருகிறார்கள். எங்கள் பக்கம் டீக்கடை பெஞ்சில் ஒருவர் தினத்தந்தியைச் சத்தமாகப் படிக்க, எழுத்துத் தெரியாத பத்துப் பேர் சுற்றி உட்கார்ந்து கேட்டு நாட்டு நடப்பு பேசியதை நான் சிறுவயதில் பார்த்திருக்கிறேன். கேட்டவர்களுக்கு அந்தச் செய்தி குறைவாகப் புரிந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. கேட்பதை நான் வாசிப்பின் கூடப்பிறந்ததாகவே எடுத்துக்கொள்கிறேன்.

ஆக, உங்கள் முதல் கேள்விக்கு என் பதில் இது. எழுத்தைப் படிப்பது குறையவில்லை, ஒரு நாளில் ஒருவர் கண்ணில் படுகிற எழுத்து முன்னைவிட அதிகம். இதில் எனக்குச் சந்தேகம் இல்லை. முந்நூறு, நானூறு பக்கப் புத்தகத்தோடு பத்து நாள் கூடவே இருந்து முடிக்கிற பழக்கம் குறைந்துவிட்டது. இதுவும் என் அனுபவத்தில் உறுதி. அப்படிப் படிக்கும் திறனே மக்களிடம் போய்விட்டதா என்பதுதான் சந்தேகத்துக்கு உரியது. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து நூலகங்களை மூடினோம். அந்த மாதங்களில் என் வீட்டுக் கதவைத் தட்டி, "சார், சாவி உங்களிடம்தானே இருக்கிறது, நாலு தடிப் புத்தகமாக எடுத்துக் கொடுங்கள்" என்று கேட்டவர்களில் பாதிப் பேர் பல வருடம் ஒன்றும் எடுக்காமல் இருந்தவர்கள். நேரமும் அமைதியும் கிடைத்தால் அந்தத் திறன் திரும்பி வருகிறது என்றுதான் நம்புகிறேன். ஒரு சின்ன ஊரில் பார்த்ததை வைத்து இதற்கு மேல் அழுத்திச் சொல்லக் கூடாது.

திரையில் படித்தால் மனதில் நிற்காது என்று சொல்கிறார்களே, அது உண்மையா என்று நீங்கள் அடுத்துக் கேட்கக்கூடும். 2018-இல் ஸ்பெயின், இஸ்ரேல் நாட்டு ஆய்வாளர்கள் சிலர், 2000 முதல் 2017 வரை நடந்த 54 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். மொத்தம் 1,70,000-க்கும் மேற்பட்டவர்கள் கலந்துகொண்ட ஆய்வுகள் அவை. தகவல் சொல்லும் கட்டுரைகளைக் காகிதத்தில் படித்தவர்களுக்குக் கொஞ்சம் கூடுதலாகப் புரிந்தது. நேரக் கெடு வைத்துப் படித்தால் அந்த வித்தியாசம் இன்னும் கூடியது. கதைகளில் அப்படி வித்தியாசம் தெரியவில்லை. போனோடு வளர்ந்த தலைமுறைக்கு இது தானாகச் சரியாகிவிடும் என்று பலர் நினைத்தார்கள். ஆனால் வருடம் போகப் போகக் காகிதத்தின் பக்கம்தான் சாய்வு கூடியிருந்தது. வித்தியாசம் இருக்கிறது, மலையளவு இல்லை. பாடம் என்றால் காகிதம், கதை என்றால் எதில் வேண்டுமானாலும் என்று நான் என் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன்.

டிஜிட்டல் கொடுத்ததைப் பற்றியும் மனம் திறந்து சொல்ல வேண்டும். நூலகர்கள் நாங்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்ய முடியாததை அது செய்திருக்கிறது. நூறு வருடத்துக்கு முந்தைய தமிழ்ப் புத்தகத்தைக் கையில் எடுத்திருக்கிறீர்களா? மரக்கூழில் செய்த அந்தக் காலத்துக் காகிதத்தில் அமிலம் உண்டு, வருடம் ஆக ஆக அதுவே காகிதத்தைத் தின்னும். ஓரம் பழுத்துப் பழுப்பாகி, பக்கத்தைத் திருப்பினால் அப்பளம் போல நொறுங்கும். விரலில் பொடி ஒட்டும். படிக்கிறவரே அதை அழிக்கிறார் என்பதால் கேட்டவருக்கெல்லாம் எடுத்துக் கொடுக்கவும் முடியாது, பூட்டி வைத்தால் யாருக்கும் பயனில்லை. ஒரு ஆராய்ச்சி மாணவருக்கு 1920-களில் வந்த சின்ன நூல் ஒன்று வேண்டும் என்றால், கடிதம் கொடுத்துச் சென்னைக்கு அனுப்புவோம். எழும்பூர் கன்னிமாரா நூலகத்தில் இரண்டு நாள் உட்கார்ந்து கையால் நகல் எடுத்துக்கொண்டு வருவார். இப்போது அதே மாதிரி நூலைத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் வயல் வரப்பில் நின்றுகொண்டே திறக்கலாம்.

இதற்குப் பின்னால் இருக்கிற உழைப்பை மறக்கக் கூடாது. செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா என்ற தனிமனிதர் வாழ்நாளெல்லாம் சேர்த்த நூல்களையும் இதழ்களையும், அவர் 1992-இல் காலமான பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கிச் சென்னையிலேயே வைத்தது. 1994-இல் அது ஆய்வு நூலகமாகி, முதலில் மைக்ரோஃபிலிமிலும் பிறகு மின்வடிவிலும் பதிவானது. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில் உலகம் முழுக்க இருந்த தமிழர்கள் சம்பளம் இல்லாமல் சங்க இலக்கியம் முதல் தட்டச்சு செய்து பிழைதிருத்தி ஏற்றினார்கள். யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981 மே 31 இரவு தொடங்கி எரிக்கப்பட்டபோது சுமார் 97,000 நூல்கள் போயின. அவற்றில் ஓலைச்சுவடிகளும் வேறெங்கும் பிரதி இல்லாதவையும் உண்டு. 2005-இல் தொடங்கிய 'நூலகம்' என்ற பெயருள்ள திட்டம் ஈழத்து எழுத்துகளை இணையத்தில் சேர்த்து வைப்பதை நான் அந்தச் சாம்பலோடு சேர்த்துத்தான் பார்க்கிறேன். ஒரே கட்டடத்தில் ஒரே பிரதி இருந்தால் என்ன ஆகும் என்பதை நம் இனம் தெரிந்துகொண்ட விதம் கொடுமையானது. பல இடங்களில் பல பிரதிகள் இருப்பதற்கு டிஜிட்டலைவிட மலிவான வழி இன்று இல்லை.

பார்வையற்றவர்களுக்கு இது கொடுத்தது இன்னும் பெரிது. முன்பெல்லாம் பார்வையற்ற மாணவர் என்றால், படித்துக் காட்ட ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் வராத நாளில் படிப்பும் இல்லை. அச்சுநூல்களை அவர்கள் படிக்கக்கூடிய வடிவத்துக்கு மாற்ற வழிசெய்யும் மராகேஷ் உடன்படிக்கையை 2014-இல் உலகத்திலேயே முதல் நாடாக உறுதிசெய்தது இந்தியாதான். என் கடைசி வருடங்களில் ஒரு தம்பி வருவார். காதில் இயர்போன், போன் மடியில், திரையைப் பார்க்க வேண்டிய தேவையே இல்லாததால் வெளிச்சம் அணைத்து வைத்திருப்பார். நாம் கண்ணால் படிப்பதைப் போல இரண்டு மடங்கு வேகத்தில் போன் அவர் காதில் படித்துக்கொண்டே போகும். புத்தகம் தேட யாரையும் அழைக்காமல், பக்கம் திருப்ப யாரையும் கெஞ்சாமல் அவர் படித்ததை நான் பார்த்தேன். மின்நூலை எதிர்க்கிறவர்கள் என்னிடம் பேச வரும்போது அவரைப் பற்றித்தான் முதலில் சொல்வேன்.

அப்புறம், டிஜிட்டலில் போட்டுவிட்டால் என்றைக்கும் அழியாது என்று ஒரு நம்பிக்கை இருக்கிறதே, அது சந்தேகத்துக்கு உரியது. 1998-இல் தமிழை இணையத்தில் ஏற்றியபோது யூனிகோடு புழக்கத்தில் இல்லை. மயிலை, இணைமதி என்று எழுத்துருக்கள், பிறகு டிஸ்கி, டாம், டாப் என்று குறியேற்றங்கள் (எழுத்தைக் கணினி எண்ணாக வைத்துக்கொள்ளும் முறைகள்), அதற்கப்புறம்தான் எல்லா மொழிக்கும் பொதுவான யூனிகோடு. மதுரைத் திட்டத்துக்காரர்கள் ஒவ்வொரு தடவையும் உட்கார்ந்து மாற்றியதால் அந்த நூல்கள் பிழைத்தன. மாற்ற ஆளில்லாத கோப்புகளின் கதி வேறு. எங்கள் ஊர் அச்சகம் ஒன்றில் தொண்ணூறுகளின் கடைசியில் தட்டச்சு செய்த உள்ளூர் வரலாற்று நூல் ஒன்றின் கோப்பைத் திறந்து பார்த்தோம். ஆங்கில எழுத்தும் குறியீடுமாகக் குவிந்து கிடந்தது, ஒரு சொல் படிக்க முடியவில்லை. அதே நூலின் அச்சுப் பிரதி அலமாரியில் நல்லபடியாக இருந்தது. ஓலைச்சுவடியைக் கரையான் தின்பதற்குள் யாராவது பெயர்த்து எழுத வேண்டியிருந்த மாதிரி, கோப்பையும் யாராவது பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

விலை கொடுத்து வாங்கிய மின்நூல் நம்முடையதா என்பதும் அவ்வளவு தெளிவில்லை. 2009-இல் அமேசான், தான் விற்ற ஜார்ஜ் ஆர்வெல் நூல்கள் இரண்டின் உரிமையில் சிக்கல் என்று தெரிந்ததும், வாங்கியவர்களின் கிண்டில் கருவியிலிருந்தே அவற்றை நீக்கியது. பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள், மன்னிப்பும் கேட்டார்கள். ஆனாலும் கடைக்காரர் நம் வீட்டு அலமாரிக்குள் கைவிட முடியும் என்பது அன்றைக்குத் தெரிந்துபோனது. ஒரு நூலகம் வாங்கிய அச்சு நூலை நூறு பேருக்கு வேண்டுமானாலும் இரவல் கொடுக்கலாம். மின்நூலில் அப்படிக் கொடுப்பதா வேண்டாமா என்பதை ஒப்பந்தம் தீர்மானிக்கிறது. இதோடு சேர்த்து ஒன்று: டெலிகிராமிலும் வாட்ஸப்பிலும் சுற்றுகிற பிடிஎஃப் எல்லாம் இலவச நூலகம் என்று நினைக்காதீர்கள். எழுதியவர் மறைந்து 60 வருடம் வரைக்கும் காப்புரிமை உண்டு, அரசு நாட்டுடைமை ஆக்கியவை விதிவிலக்கு. நாட்டுடைமையான நூல்களும், ஃப்ரீதமிழ்இபுக்ஸ் மாதிரி தளங்களில் எழுத்தாளரே மனமுவந்து கொடுத்தவையும் ஏராளமாக இருக்கும்போது, ஐந்நூறு பிரதி விற்பதே பாடாக இருக்கும் தமிழ் எழுத்தாளர் ஒருவரின் புது நாவலைத் திருடிப் படிக்க வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி. உங்கள் வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள். நூலக வரி என்று ஒரு வரி இருக்கும், சொத்து வரியில் 10 சதவீதம். 1948-இல் சென்னை மாகாணத்தில் வந்த பொது நூலகச் சட்டம் கொடுத்த ஏற்பாடு அது, சுதந்திர இந்தியாவில் முதல் நூலகச் சட்டம். அதற்குப் பாடுபட்டவர் சீர்காழியில் 1892-இல் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன். கணக்கு வாத்தியாராக இருந்து 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனவர். அந்தச் சட்டத்தின் பலனாக இன்று தமிழ்நாட்டில் 4,600-க்கும் மேற்பட்ட பொது நூலகங்கள் இருக்கின்றன. ஆக, நூலகம் நமக்கு இலவசமாகக் கிடைப்பதில்லை. நீங்கள் ஏற்கெனவே காசு கட்டிவிட்டீர்கள், போய் எடுத்துக்கொள்ளாமல் இருக்கிறீர்கள்.

ரங்கநாதன் 1931-இல் நூலகத்துக்கு ஐந்து விதிகள் சொன்னார். நூல்கள் பயன்படுத்துவதற்கே, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர், வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து, நூலகம் வளர்ந்துகொண்டே இருக்கும் உயிர். நேரத்தை மிச்சப்படுத்துவதில் கூகுளோடு எங்களால் போட்டி போட முடியாது. பெயர் தெரிந்த நூலை வாசகருக்குக் கொண்டுவந்து கொடுப்பதிலும் இணையம் எங்களை முந்திவிட்டது. மூன்றாவது விதியில்தான் அது தடுமாறுகிறது. ஒரு நூலுக்கு உரிய வாசகரைத் தேடிப் பிடிப்பது. போன் காட்டுவது, நிறையப் பேர் ஏற்கெனவே பார்த்ததையும் நீங்கள் நேற்றுப் பார்த்தது மாதிரியானதையும். அலமாரி அப்படி வேலை செய்யாது. தென்னைக்கு உரம் போடுவது பற்றித் தேடி வந்த ஒரு விவசாயி, அதே வரிசையில் இரண்டு புத்தகம் தள்ளித் தேனீ வளர்ப்பு நூலைப் பார்த்து எடுத்துப் போனார். அடுத்த வருடம் ஒரு பாட்டில் தேனோடு வந்தார். தேனீ என்று அவர் எந்தப் பெட்டியிலும் தட்டச்சு செய்து தேடியிருக்க மாட்டார்.

எங்கள் பக்கத்துக் குறைகளையும் மறைக்கக் கூடாது. நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் சிறுவர் நூல் வேண்டும் என்று மூன்று வருடம் எழுதிக் கேட்டேன். வந்தவை யாரும் கேட்காத புத்தகத்தின் பல பிரதிகள். காணாமல் போன புத்தகத்துக்கு நூலகர் சம்பளத்தில் பிடிப்பார்கள் என்ற பயத்தில் நல்ல புத்தகங்களைப் பூட்டிய பீரோவுக்குள் வைத்த நூலகர்களை எனக்குத் தெரியும், அந்தப் பயம் எனக்கும் இருந்தது. ஒரே ஆள் கதவு திறந்து, பெருக்கி, பேப்பர் அடுக்கி, கணக்கு எழுதினால் வருகிறவரிடம் "என்ன படிக்கப் பிடிக்கும்" என்று கேட்க நேரம் ஏது? அந்தச் சீட்டுகள் வெள்ளையாக நின்றதற்குப் போனும் டிவியும் மட்டும் காரணம் இல்லை. நாங்களும் காரணம். மாற்ற முடிந்த காரணம் என்பதால் இதைச் சொல்கிறேன்.

உங்கள் மகள் விஷயத்துக்கு வருகிறேன். இங்கே நான் சொல்வது ஆராய்ச்சி முடிவு இல்லை, நூலகத்தில் வளர்ந்த பிள்ளைகளைப் பார்த்தவன் சொல்வது. பெரும்பாலான கிளை நூலகங்களுக்கு வெள்ளிக்கிழமைதான் விடுமுறை, ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்கும். அவள் பெயரிலேயே உறுப்பினர் அட்டை வாங்குங்கள். எந்தப் புத்தகம் என்பதை அவளே எடுக்கட்டும். படக்கதை எடுத்தாலும் சரி, ஆறு வயதுப் பிள்ளைக்கான புத்தகத்தை எடுத்தாலும் சரி, "இதெல்லாம் உனக்கு எதற்கு" என்று அங்கே வைத்துச் சொல்லாதீர்கள். பிடிக்கவில்லை என்றால் பாதியில் திருப்பிக் கொடுக்க விடுங்கள். என்னிடம் நல்ல வாசகராக வளர்ந்த பிள்ளைகள் எல்லாருமே நிறையப் புத்தகத்தைப் பாதியில் திருப்பிக் கொடுத்தவர்கள்தான். ராத்திரி பத்து நிமிடம் நீங்கள் அவளுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள், பத்து வயது அதற்கு அதிக வயது இல்லை. அந்தப் பத்து நிமிடம் உங்கள் போன் வேறு அறையில் இருக்கட்டும். திரையை அடியோடு தடுக்கவும் வேண்டாம். பிரதம் புக்ஸ் நடத்தும் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழில் படக்கதைகள் இலவசமாக இருக்கின்றன, பஸ் பயணத்தில் அதைப் படிக்கட்டும்.

முதல் தடவை போகும்போது வருகைப் பதிவேட்டில் அவளையே கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். நூலகரிடம் நீங்கள் பேசாமல் அவளைப் பேச விடுங்கள். அவளுக்கு யானை பிடிக்குமென்றால், யானைக் கதை இருக்கிறதா என்று அவளே கேட்கட்டும். முக்கால்வாசி நூலகர்கள் அந்தக் கேள்விக்கு எழுந்து வந்துவிடுவார்கள், நாளெல்லாம் யாரும் கேட்காத கேள்வி அது. சிறுவர் அலமாரி எங்கே என்று தெரியவில்லை என்றால் தேர்வுக்குப் படிக்கிறவர்களிடம் கேளுங்கள். பெரும்பாலும் அவர்கள் பைகளை வைத்திருக்கிற ஜன்னலோரத்தில், கீழ் வரிசையில் இருக்கும். நகர்த்தி வழி விடுவார்கள்.